பால்மரத்தின் இலையுதிர்வும் விண்வெளித் துணைக்கோளும்

தைப்பூசம் கழிந்த சில வாரங்களில் நம் தோட்டங்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்குவதை யாவரும் அறிவர். கரும்பச்சை இலைகள் மஞ்சளாகவும் செம்மையாகவும் நிறம் மாறி உதிர்கின்றன. நிழல் அடர்ந்திருந்த நிரைகளில் வெயில் விழுகின்றது. மங்கில் விழும் பால் குறைகின்றது; அதனுடன் வருமானமும் குறைகின்றது. சில வாரங்கள் சென்ற பின்னர், செம்பு நிறத் தளிர்கள் தோன்றி, இளம்பச்சையாகி, மீண்டும் கரும்பச்சைக் கூரையாக மூடுகின்றன. பால்மரம் சீவுவோர் இம்மாற்றத்தைத் தம் கையிருப்பிலேயே உணர்வர்.

இதே மாற்றத்தை, 786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் துணைக்கோள்களும் பதிவு செய்து வருகின்றன. அப்பதிவு இன்று வெறும் ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் இல்லை. ஒரு நிலம் ரப்பர்த் தோட்டமா, காட்டை அழித்துப் புதிதாக உண்டாக்கப்பட்டதா என்பதை வெளிநாட்டுச் சந்தைக்கு எடுத்துக் காட்டும் சான்றாகவும் அது மாறியுள்ளது. ஆதலின், துணைக்கோள் எதைப் பார்க்கின்றது, எப்படிப் பார்க்கின்றது, எங்கே தவறக்கூடும் என்பனவற்றைத் தோட்ட மக்கள் தெரிந்து வைத்திருத்தல் நலம் பயக்கும்.

துணைக்கோள் பார்ப்பது என்ன?

துணைக்கோளில் உள்ள கருவி, நிலத்தின் மீது பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அளக்கின்றது. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியும் ஏழு நிறங்கள் உள்ளன. அவற்றுள் சிவப்பிற்கு அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் உண்டு. துணைக்கோளின் கருவி இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கவல்லது.

பச்சை இலை தனக்கு வேண்டிய உணவைச் சூரிய ஒளியின் துணையால் ஆக்கிக்கொள்கின்றது. இப்பணிக்கு இலையின் பச்சையம் சிவப்பு ஒளியைப் பெரும்பகுதி உறிஞ்சிக்கொள்ளும். ஆனால், சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்பு ஒளி அதற்குப் பயன்படுவதில்லை. இலையின் உள்ளமைப்பு அதனைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகின்றது. ஆகவே, செழித்த இலை உள்ள இடத்திலிருந்து சிவப்பு குறைவாகவும் அகச்சிவப்பு மிகுதியாகவும் மேலே செல்லும். இலை வாடினாலோ உதிர்ந்தாலோ, சிவப்பு கூடும், அகச்சிவப்பு குறையும்.

இதனை ஓர் எளிய கணக்காகவே அறிவியலாளர்கள் போடுகின்றனர். அகச்சிவப்பின் அளவிலிருந்து சிவப்பின் அளவைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவது தாவரச் செழுமைக் குறியெண். எடுத்துக்காட்டாக, இலை அடர்ந்த நிரையிலிருந்து அகச்சிவப்பு 46 பங்கும் சிவப்பு 4 பங்கும் திரும்புவதாகக் கொள்வோம். 46இல் 4 போக 42, கூட்டினால் 50, வகுத்தால் 0.84. அதே நிரை இலை உதிர்ந்து நிற்கும்போது அகச்சிவப்பு 28, சிவப்பு 12 எனில், 16ஐ 40ஆல் வகுக்க 0.40. மரம் அதே மரம். நிலம் அதே நிலம். இலை மட்டும் இல்லை என்பதை எண் சொல்லிவிடுகின்றது.

நீர் இதற்கு நேர்மாறானது. ஆறு, குளம், ஏரி ஆகியவற்றின் தெளிந்த நீர் அகச்சிவப்பு ஒளியை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். ஆதலின் அகச்சிவப்புப் படத்தில் நீர்நிலைகள் கரியவையாகத் தோன்றும். குறியெண்ணும் பூச்சியத்திற்குக் கீழே இறங்கிவிடும். இவ்வாறு நீர், பயிர், வெறுநிலம் ஆகிய மூன்றும் ஒளியின் அளவைக் கொண்டே பிரித்தறியப்படுகின்றன.

ஒரு கட்டத்திற்குள் எத்தனை மரங்கள்?

துணைக்கோள் படம் பல்லாயிரம் சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் அளவுதான் பதிவாகும். அமெரிக்காவின் லேண்ட்செட் துணைக்கோள்கள் தரும் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட நிலத்தைக் குறிக்கும். ஒரு ஹெக்டரில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், 400 முதல் 500 பால்மரங்கள் வரை நடுவது வழக்கம். அக்கணக்குப்படி, லேண்ட்செட்டின் ஒரு கட்டத்திற்குள் சுமார் 40 மரங்கள் அடங்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 துணைக்கோள்கள் இன்னும் நுணுக்கமானவை. அவற்றின் கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதனுள் நான்கைந்து மரங்களே அடங்கும்.

எனவே, துணைக்கோள் ஒரு தனி மரத்தையோ அம்மரத்தடியில் நிற்பவரையோ பார்ப்பதாக எண்ணுதல் தவறு. அது பார்ப்பது, ஒரு சிறு கூட்டம் மரங்களின் இலைக்கூரையிலிருந்து எழும் ஒளியின் சராசரி அளவேயாகும்.

மேகம் என்னும் திரை

நம் நாட்டில் இக்கருவிகளுக்குப் பெரும் இடையூறாக இருப்பது மேகம். சென்டினல்-2 நம் கடிகாரப்படி முற்பகல் பதினொன்றரை மணியளவில் தலைக்கு மேல் கடந்து செல்லும். அவ்வேளையில் வெயிலின் சூட்டால் மேகங்கள் திரளத் தொடங்கிவிடுகின்றன. ஒரே இடத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை படம் எடுத்தாலும், அவற்றுள் மேகமின்றித் தெளிவாக அமைபவை சிலவே.

இக்குறையை ஈடு செய்யும் பொருட்டு ரேடார் துணைக்கோள்கள் பயன்படுகின்றன. இவை சூரிய ஒளியை நம்பியிருப்பதில்லை. தாமே வானொலி அலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்புவதை அளக்கின்றன. அவ்வலைகள் மேகத்தையும் இருளையும் ஊடுருவிச் செல்லும். அமைதியான நீர்ப்பரப்பு, கண்ணாடி போன்று, சாய்வாக வரும் அலையை வேறு திசையில் தள்ளிவிடுவதால் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிளந்தான் முதலிய கீழைக் கரை மாநிலங்களில் வெள்ளம் பெருகி, 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறியதையும், 2021 டிசம்பரில் சிலாங்கூரில் ஷா ஆலம் பகுதி நீரில் மூழ்கியதையும் நாம் மறப்பதற்கில்லை. வானம் முழுதும் மேகம் மூடிய அத்தகைய நாள்களில், வெள்ளம் எங்குப் பரவியுள்ளது என்பதை அறியக் கைகொடுப்பவை ரேடார் படங்களே.

மலேசியா இத்துறையில் 1988ஆம் ஆண்டிலேயே தேசியத் தொலையுணர்வு மையத்தை அமைத்தது. பகாங் மாநிலத்தின் தெமெர்லோவில் துணைக்கோள் படங்களைப் பெறும் நிலையம் உள்ளது. இப்பணிகள் யாவும் 2019ஆம் ஆண்டு முதல் மலேசிய விண்வெளி நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன.

காட்டிடையே பால்மரத்தைக் கண்டறிதல்

மேலிருந்து பார்க்கும்போது முதிர்ந்த பால்மரத் தோட்டமும் இயற்கைக் காடும் ஒன்று போலவே தோன்றும். இரண்டும் உயர்ந்த மரங்கள். இரண்டும் அடர்ந்த இலைக்கூரை. ஒரே ஒரு படத்தைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்த முயன்ற பல வரைபடங்கள், பழைய ரப்பர்த் தோட்டங்களைக் காடு என்றே குறித்துவிட்டன.

இச்சிக்கலுக்கு விடை தந்தது இலையுதிர்வுதான். நம் காடுகள் ஆண்டு முழுதும் பசுமை மாறாதவை. ஒரு மரம் இலை உதிர்த்தாலும் பக்கத்து மரம் பச்சையாக நிற்கும். செம்பனையும் ஒரே பருவத்தில் இலை உதிர்ப்பதில்லை. பால்மரமோ, ஒரே வயதும் ஒரே இனமுமாக நடப்படுவதால், ஏறக்குறைய ஒரே சமயத்தில் இலை உதிர்த்துச் சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கின்றது. ஒரு நிலத்தின் குறியெண்ணை ஆண்டு முழுவதும் தொடர்ந்து எழுதிப் பார்த்தால், காட்டின் கோடு ஏறத்தாழச் சமமாகச் செல்லும். ரப்பரின் கோடோ ஆண்டுக்கு ஒருமுறை பள்ளத்தில் இறங்கி விரைவாக மேலேறும். அப்பள்ளமே பால்மரத்தின் கையொப்பம்.

கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களில் வறண்ட பருவம் தெளிவாக இருப்பதால் இக்கையொப்பமும் தெளிவாக விழுகின்றது. ஆண்டு முழுதும் மழை பரவலாகப் பெய்யும் இடங்களில் இலையுதிர்வு ஒருசேர நிகழ்வதில்லை. ஆகவே அடையாளமும் மங்கலாகின்றது. மரத்தின் இனத்திற்கேற்பவும் இலை உதிரும் காலம் முன்பின்னாக மாறும். நிரைகளுக்கிடையே மூடுபயிர் அடர்ந்திருந்தால், மேலே இலை உதிர்ந்த பின்னும் கீழே உள்ள பச்சை குறியெண்ணைக் குறையவிடாது தாங்கிப் பிடிக்கும். ஆராய்வோர் இவை அனைத்தையும் கருத்திற் கொள்ள வேண்டியுள்ளது.

அரை நூற்றாண்டுப் பதிவேடு

முதலாவது லேண்ட்செட் துணைக்கோள் 1972ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்டது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக அதே வரிசையில் துணைக்கோள்கள் தொடர்ந்து வந்துள்ளன. லேண்ட்செட்-9, 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏவப்பட்டது. தொடக்கத்தில் ஒரு கட்டம் 80 மீட்டர் அளவினதாக இருந்தது. 1982 முதல் அது 30 மீட்டராக நுணுகியது. 2008ஆம் ஆண்டில் இப்படங்கள் யாவும் உலக மக்கள் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. ஒரு நிலம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவ்வாறு இருந்தது என்பதைப் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது போல் இன்று பார்க்க முடிகின்றது.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதனைச் செய்து காட்டியது. எடின்பர்க் அரச தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தோரின் தலைமையில் அமைந்த அவ்வாய்வில், சென்டினல்-2 படங்களில் தெரியும் இலையுதிர்வைக் கொண்டு தென்கிழக்காசியாவின் ரப்பர் நிலங்கள் வரையப்பட்டன. பின்னர், அந்நிலங்களில் காடு எப்போது அகன்றது என்பது லேண்ட்செட் படங்களைக் கொண்டு கணிக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டுக்குப் பின் இவ்வட்டாரத்தில் ரப்பருக்காக 40 இலட்சம் ஹெக்டருக்கும் மேற்பட்ட காடு அழிந்துள்ளது என்பது அதன் முடிவு. அதற்கு முன்னர்க் கொள்கை வகுப்போர் நம்பியிருந்த மதிப்பீடுகளைக் காட்டிலும் இது இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகும்.

காடு அழிந்தால் ஆற்றின் நீர் கலங்கும். மழை நாளில் வெள்ளமும் வெயில் நாளில் வறட்சியும் மிகும். யானையும் புலியும் இடமின்றி வெளியேறும். ஆதலால் இவ்வுண்மை வெளிப்பட்டது நன்மைக்கே. எனினும், ரப்பர்த் தோட்டங்கள் அனைத்தும் அண்மையில் காட்டை அழித்து உண்டானவையல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் திறக்கப்பட்டு, இரண்டு மூன்று முறை மறுநடவு கண்ட தோட்டங்கள் பல. இவ்விரு வகையையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதுதான் நம்மைத் தொடும் கேள்வி.

சந்தையின் புதிய நிபந்தனை

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் காடழிப்பைத் தடுக்கும் நோக்குடன் ஒரு சட்டத்தை இயற்றியது. கால்நடை, கொக்கோ, காப்பி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், இவற்றிலிருந்து செய்யப்படும் பல பொருள்களும் அதில் அடங்கும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளுக்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த பொருளை அங்கு விற்க இயலாது என்பது அதன் சாரம். பொருள் விளைந்த நிலம் உலக வரைபடத்தில் எந்த இடத்தில் உள்ளது என்பதையும் காட்ட வேண்டும். 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமாயின் அதன் எல்லை முழுவதையும், அதற்குக் குறைந்ததாயின் ஒரு புள்ளியையேனும் குறித்தல் வேண்டும். முதலில் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வருவதாக இருந்த இவ்விதிகள் பின்னர்த் தள்ளிவைக்கப்பட்டன. ஆயினும், டயர் செய்வோரும் கையுறை செய்வோரும் தாம் வாங்கும் ரப்பர் எந்த நிலத்திலிருந்து வருகின்றது எனக் கேட்கும் நிலை உருவாகிவிட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழக்கூடும். முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் நிலம் ஒன்று 2022ஆம் ஆண்டில் மறுநடவுக்காக வெட்டப்பட்டதாகக் கொள்வோம். பழைய மரங்களைக் காடு என்று தவறாகக் குறித்த வரைபடத்தை ஒருவர் கையில் வைத்திருந்தால், அவர் கண்ணுக்குப் படுவது என்ன? 2020இல் காடு, 2022இல் வெறுநிலம், ஆகவே காடழிப்பு! உண்மையில் ரப்பர் இருந்த இடத்தில் மீண்டும் ரப்பர் நடுவது அச்சட்டத்தின்படி காடழிப்பாகாது. ஆனால், அது ரப்பர்தான் என்பதை மெய்ப்பித்தாக வேண்டும். மெய்ப்பிக்க இயலாமல் சரக்கு ஏற்கப்படாது போனால், அவ்விழப்பு ஏற்றுமதியாளரோடு நின்றுவிடாது. அது பால் விலையில் இறங்கி, தோட்டத்தின் வரவில் இறங்கி, இறுதியில் பெரட்டுக்களம் வரை வந்து சேரும்.

இதற்கு விடையும் அதே பதிவேட்டில்தான் உள்ளது. அந்நிலத்தின் பத்து, இருபது ஆண்டுப் படங்களை வரிசையாக எடுத்து நோக்கினால், ஆண்டுதோறும் அதே மாதங்களில் விழுந்த பள்ளங்கள் தெரியவரும். காட்டில் அப்பள்ளம் விழுவதில்லை. ஆக, நமக்கு வருமானக் குறைவைத் தரும் அதே இலையுதிர்வு, “இது காடன்று, மனிதர் நட்டு வளர்த்த பால்மரத் தோட்டம்” என்று நம் பொருட்டுச் சான்று கூறுகின்றது.

பருவம் தவறிய இலையுதிர்வு

ஆண்டுதோறும் வரும் இலையுதிர்வு இயற்கை. பருவம் தவறி வருவது நோயின் அடையாளம். பெஸ்டலோசியாப்சிஸ் என்னும் பூஞ்சையோடு தொடர்புடைய இலையுதிர் நோய் 2016இல் சுமத்ராவிலும் 2017இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. இலைகளில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பெரிதாகி, இலை முதிர்ந்த பின்னரும் கொட்டிவிடும். ஓர் ஆண்டில் பலமுறை இவ்வாறு நேர்ந்தால் மரம் தளர்ந்து பால் பெரிதும் குறைந்துவிடுகின்றது.

குறியெண் கோட்டில் பள்ளம் விழக்கூடாத மாதத்தில் பள்ளம் விழுமாயின், எங்கோ கோளாறு உள்ளது என்பதைத் துணைக்கோள் காட்டிவிடும். ஆனால், அக்கோளாறு பூஞ்சையா, வறட்சியா, காற்றா, மரம் வெட்டப்பட்டதா என்பதை மேலிருந்து உறுதியாகச் சொல்ல அதனால் இயலாது. இலையைக் கையில் எடுத்துப் புள்ளியைப் பார்ப்பவரே அதனைச் சொல்ல முடியும்.

தரையில் நிற்போரின் பங்கு

எத்துணை உயரப் பறந்தாலும் துணைக்கோளுக்குத் தரைச் சான்று இன்றியமையாதது. இன்ன இடத்தில் நிற்பது பால்மரம், இன்ன இடத்தில் நிற்பது காடு என்று நேரில் சென்று குறித்த புள்ளிகளைக் கொண்டே கணினிக்கு வேறுபாடு கற்பிக்கப்படுகின்றது. அப்புள்ளிகள் தவறானால் வரைபடம் முழுவதும் தவறாகும். ஆகவே, கீழ்க்கண்ட சிலவற்றை நாம் மனத்திற் கொள்ளுதல் தகும்.

முதலாவதாக, நிரைகள் நடப்பட்ட ஆண்டு, மரத்தின் இனம், மறுநடவு நடந்த ஆண்டு ஆகியவற்றை அறிந்த மூத்த தொழிலாளர்கள், நிலக்கணக்கு எடுக்க வருவோரிடம் அவற்றைத் தயங்காது எடுத்துரைக்க வேண்டும். பழைய கணக்குப் புத்தகத்தில் விடுபட்டவை அவர்கள் நினைவில் இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, தோட்ட வேலையோடு இரண்டு மூன்று ஏக்கர் ரப்பரும் சொந்தமாக வைத்திருப்போர், நிலப்பட்டாவையும் ரிஸ்டா வழங்கிய மறுநடவு ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். நிலத்தின் நடுவே நின்று கைப்பேசியில் பார்த்தால் அவ்விடத்தின் இருப்பிட எண்கள் தெரியும். அவற்றையும் ஆவணத்துடன் எழுதி வைத்தல் நன்று. மலேசியாவின் ரப்பர் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது என்பதால், இது சிறிய செய்தியன்று.

மூன்றாவதாக, பருவமல்லாத காலத்தில் இலை கொட்டுவதைக் கண்டால், எந்த நிரையில், எந்த நாளில் எனக் குறித்துக் கங்காணியிடமோ அலுவலகத்திலோ உடனே தெரிவிக்க வேண்டும். மேகம் விலகித் துணைக்கோள் தெளிவான படம் ஒன்றைப் பெறச் சில வாரங்கள் ஆகலாம். அதிகாலையில் மரத்தடியில் நிற்பவருக்கோ அத்தாமதம் இல்லை.

நான்காவதாக, புதிதாகக் காட்டை வெட்டிப் பயிரிடுவோர், அது எவர் கண்ணிலும் படாது என்று இனி எண்ணுவதற்கில்லை. அதன் நாளும் பரப்பும் பதிவாகிவிடுகின்றன. ஒருவர் செய்யும் அத்தகைய செயல், நேர்மையாக விளைவித்த அண்டை வீட்டார் ரப்பரின் மீதும் ஐயத்தை உண்டாக்கும்.

துணைக்கோள் இலையின் ஒளியை அளக்கின்றது. இலையின் காரணத்தை மரத்தடியில் நிற்பவர் அறிகின்றார். இவ்விரண்டும் ஒன்று சேரும்போதுதான் வரைபடம் மெய்யான வரைபடமாகின்றது. அடுத்த இலையுதிர்வில் மங்கில் பால் குறையும் அந்த வாரங்களில், எந்த நிரை முதலில் உதிர்த்தது, எது பிந்தித் தளிர்த்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்குங்கள். பிற்காலத்தில் அந்நிலத்தின் உண்மையை நிலைநாட்ட அதுவும் துணைபுரியும்.